பழைய வைடு ஆங்கிள் ஜூம் லென்ஸ்: புது கேமராவுக்கு வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மணவறை, மேடை, முன்வரிசை உறவினர்கள் என எல்லாவற்றையும் ஒரே ஃபிரேமுக்குள் கொண்டுவர வைடு ஆங்கிள் லென்ஸ் வேண்டும். மிரர்லெஸ் கேமரா வாங்கவே சேமிப்பு முழுக்கக் கரைந்துவிட்ட நிலையில், அதற்கான புது லென்ஸின் விலையைக் கேட்டால் பலருக்கும் தலைசுற்றும். அப்போது கண்ணில் படுவதுதான் டிஎஸ்எல்ஆர் காலத்து செகண்ட் ஹேண்ட் லென்ஸ். விலை பாதிகூட இருக்காது. ‘கண்ணாடி சும்மா பளபளன்னு இருக்கு பாஸ்’ என்பார் விற்பவர்.

அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், கண்ணாடி மட்டும் நன்றாக இருந்தால் போதாது. லென்ஸும் கேமராவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும். முகூர்த்த நேரத்தில் ஃபோகஸ் ஆகாமல் நின்றால், மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகமாக இழக்க நேரிடும்.

பழைய லென்ஸ் புது கேமராவில் எப்படிப் பொருந்துகிறது?

லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே ஒவ்வொரு மவுண்டிலும் குறிப்பிட்ட தூரம் உண்டு. 1987-ல் வந்த கேனான் ஈஎஃப் மவுண்டில் அது 44 மி.மீ. 2018-ல் வந்த ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ. மட்டுமே. மிச்சமுள்ள 24 மி.மீ. இடைவெளியை நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை. கேனானின் சாதாரண ஈஎஃப் - ஆர்எஃப் அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் கிடையாது. அதனால் படத்தின் தரம் குறையாது.

நிகானிலும் இதே கணக்குதான். 1959-ல் தொடங்கிய எஃப் மவுண்டில் 46.5 மி.மீ., 2018-ல் வந்த இசட் மவுண்டில் 16 மி.மீ. நடுவில் எஃப்டிஇசட் அடாப்டர் வரும்.

ஆட்டோஃபோகஸ் வேலை செய்யுமா?

கேனானில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஈஎஃப் மவுண்ட் வந்த நாள் முதலே ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்தார்கள். அப்பர்ச்சரும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது. எனவே 2003-ல் வெளியான ஈஎஃப் 17-40 மி.மீ. எஃப்/4எல் லென்ஸை இன்றைய ஆர் வரிசை கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டினால் ஆட்டோஃபோகஸ் இயங்கும்.

நிகானில்தான் ஓர் எழுத்தில் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. 18-35 மி.மீ. எஃப்/3.5-4.5 என்ற ஒரே அளவில் இரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன. பழையது ‘ஏஎஃப்’, கடைசியில் ‘டி’. 2013-ல் வந்தது ‘ஏஎஃப்-எஸ்’, கடைசியில் ‘ஜி’. பழையதில் மோட்டார் இல்லை. டிஎஸ்எல்ஆர் உடம்பில் உள்ள மோட்டார்தான் ஒரு திருகு வழியாக அதைச் சுழற்றும். எஃப்டிஇசட் அடாப்டரில் அந்தத் திருகு கிடையாது. ஆகவே ‘டி’ லென்ஸை இசட் கேமராவில் மாட்டினால் படம் எடுக்கலாம், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். ‘ஏஎஃப்-எஸ்’ என்றால் ஆட்டோஃபோகஸ் கிடைக்கும்.

வேறு நிறுவனங்களின் லென்ஸ்களிலும் கவனம் தேவை. டோக்கினா 11-16 மி.மீ. எஃப்/2.8 லென்ஸின் நிகான் பதிப்பில் முதல் மாடலுக்கு மோட்டார் இல்லை. இரண்டாவது மாடலில்தான் வந்தது. ஃபிலிம் காலத்து சிக்மா லென்ஸ்கள் சில கேனான் டிஜிட்டல் கேமராவில் மாட்டியதும் எர்ரர் காட்டிவிடும்.

17 மி.மீ. எல்லா கேமராவிலும் வைடா?

இல்லை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 17 மி.மீ. லென்ஸ் மூலைவிட்டமாக ஏறக்குறைய 104 டிகிரி கோணத்தைப் பிடிக்கும். அதையே ஆர்10, ஆர்50 போன்ற சிறிய சென்சார் கேமராவில் மாட்டினால் 1.6 மடங்கு கணக்கு வந்துவிடும். 17-40 என்பது 27-64 மி.மீ. போலத்தான் காட்டும். வைடு ஆங்கிளுக்குக் காசு கொடுத்து, சாதாரண கிட் லென்ஸைப் போன்ற ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்த கதையாகிவிடும். இத்தகைய கேமராவுக்கு ஈஎஃப்-எஸ் 10-22 மி.மீ. தான் பொருத்தம், அது 16-35 மி.மீ. போல வேலை செய்யும்.

தலைகீழாகவும் நடக்கும். ஈஎஃப்-எஸ் லென்ஸை ஃபுல் ஃபிரேம் ஆர்5-ல் மாட்டினால் கேமரா தானாகவே நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 45 மெகாபிக்சல், 17 மெகாபிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும்.

படத்தின் தரம் எப்படி இருக்கும்?

நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். பழைய வைடு ஜூம்களின் பலவீனம் மூலைகளில்தான். 17-40 லென்ஸில் எஃப்/4-ல் எடுத்தால் மூலைகள் மங்கலாகத் தெரியும். எஃப்/8, எஃப்/11 வரை அப்பர்ச்சரைக் குறைத்தால் தேறிவிடும். கோயில் கோபுரம், நிலக்காட்சி, கட்டட உள்ளரங்கு ஆகியவற்றை டிரைபாட் வைத்து எடுப்பவர்களுக்கு இது பெரிய குறையே அல்ல. இருட்டான மண்டபத்தில் முழு அப்பர்ச்சரில் குரூப் ஃபோட்டோ எடுப்பவருக்கு, ஓரத்தில் நிற்கும் மாமாவின் முகம் தெளிவாக விழாது.

இந்த லென்ஸில் அதிர்வைக் கட்டுப்படுத்தும் வசதியும் கிடையாது. ஆர்6 போன்ற கேமராக்களில் அந்த வசதி உடம்பிலேயே இருப்பதால் சமாளிக்கலாம். ஆர்8, ஆர்10, ஆர்50 ஆகியவற்றில் அதுவும் இல்லை.

கையில் வாங்கியதும் என்ன சோதிக்க வேண்டும்?

* மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் கவலை இல்லை. சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் இது சகஜம். கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. உள்ளே புகை படிந்ததுபோல மங்கலாக இருந்தாலும் வேண்டாம்.

* எஃப்/4-ல் மட்டும் எடுத்துப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். எஃப்/11, எஃப்/16 வைத்து, ஜூமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்த்தி எடுங்கள். பழைய ஈஎஃப் ஜூம்களில் அப்பர்ச்சருக்குப் போகும் மெல்லிய கேபிள் நாளடைவில் அறுந்துபோவதுண்டு. முழுதாகத் திறந்திருக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். அப்பர்ச்சர் சுருங்கும்போதுதான் எர்ரர் வரும்.

* செங்கல் சுவரையோ கடை ஷட்டரையோ நேராக நின்று எடுங்கள். நான்கு மூலையும் ஒரே அளவில் மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மோசமாக இருந்தால், கீழே விழுந்து உள்கண்ணாடி நகர்ந்திருக்கலாம்.

* ஃபோகஸ் மோட்டாரின் சத்தத்தைக் கேளுங்கள். 1999-ல் வந்த நிகான் ஏஎஃப்-எஸ் 17-35 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் மோட்டார் கிறீச்சிடத் தொடங்குவது பலரும் அறிந்த கோளாறு. அது செலவுக்கான முன்னறிவிப்பு.

சோதனையை விற்பவரின் கேமராவில் அல்ல, உங்கள் கேமராவிலும் அடாப்டரிலும் செய்யுங்கள். மெமரி கார்டைக் கொண்டுபோய் வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு பணம் கொடுப்பது நல்லது.

மொத்தக் கணக்கு என்ன?

லென்ஸ் விலையோடு அடாப்டர் விலையைக் கூட்டுங்கள். 17-40 லென்ஸின் தூசி, ஈரத் தடுப்பு முழுமையாக வேலை செய்ய முன்னால் 77 மி.மீ. ஃபில்டர் போட வேண்டும், அதையும் சேருங்கள். தயாரிப்பு நின்றுபோன லென்ஸுக்கு உதிரிபாகம் தேடுவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகும் என்பதால், ரிப்பேருக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். இந்தக் கூட்டுத்தொகை புது லென்ஸின் விலையை நெருங்கினால் பழையதை விட்டுவிடலாம். கேனானின் ஆர்எஃப் 14-35 மி.மீ. எஃப்/4எல் போன்ற புது லென்ஸில் கூடுதல் அகலம், அதிர்வுக் கட்டுப்பாடு, வாரண்டி மூன்றும் கிடைக்கின்றன.

கூட்டுத்தொகை பாதிக்கும் கீழே நிற்கிறது, நீங்கள் எடுப்பதும் பெரும்பாலும் நிலக்காட்சி, கட்டடம் என்றால் தாராளமாக வாங்கலாம். வருமானமே கல்யாண வேலையில்தான் என்றால், அதே லென்ஸை முதலில் ஒருநாள் வாடகைக்கு எடுத்து ஒரு மண்டபத்தில் முயன்று பாருங்கள். அதன் பிறகு பேரம் பேசலாம்.