ஃபெரெட்டுக்கு இருட்டும் வேண்டும்

கீரி போன்ற செல்லப்பிராணியான ஃபெரெட்டின் வாலில் முடி கொட்டத் தொடங்கினால் வளர்ப்பவர்கள் முதலில் ஷாம்பூவை மாற்றுகிறார்கள், அப்புறம் தீனியை. கோளாறோ பெரும்பாலும் சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பியில் இருக்கிறது.

கொல்கத்தாவின் பவானிபூரில் நான் நடத்தும் கிளினிக்குக்கு ஃபெரெட் அபூர்வமாகத்தான் வரும். அண்மையில் ஒரு குஜராத்தி வீட்டுப் பெண் தன் ஃபெரெட்டைத் தூக்கி வந்தாள். அதற்கு ஐந்து வயது, குட்டியிலேயே கருத்தடை ஆனது. வால் மொட்டையாகி, இடுப்பு வரை தோல் தெரிந்தது. சினைப்பையை எடுத்துவிட்ட பெண் ஃபெரெட்டுக்குப் பிறப்புறுப்பு வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததுமே பாதி விடை கிடைத்துவிட்டது.

“ராத்திரி எத்தனை மணிக்கும்மா லைட்டை அணைப்பே?”

“நான் படிச்சு முடிக்க ஒரு மணி ஆயிடும் அங்கிள். கூண்டு என் ரூம்லதான் இருக்கு.”

ஃபெரெட்டின் இனப்பெருக்கக் காலத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம். பகல் நீண்டால் மெலடோனின் குறையும். பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை அனுப்பும். சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து, ‘போதும்’ என்று மூளைக்குத் தெரிவிக்கும். சினைப்பையே இல்லாத உடலில் போதும் என்று சொல்ல ஆளில்லை. தூண்டும் ஹார்மோன் ஓயாமல் வந்து அட்ரீனலின் மேலடுக்கைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அது மெல்ல மெல்லப் பெருத்து, சிலவற்றில் கட்டியாகி, பாலின ஹார்மோன்களைத் தானே சுரக்க ஆரம்பிக்கிறது. நாய்களுக்கு வரும் குஷிங் நோயில் மிகுவது கார்ட்டிசால். இதில் அது பெரும்பாலும் ஏறாது. நாய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துவிட்டு நோயில்லை என்று அனுப்பிவிடக் கூடாது.

அமெரிக்கப் பண்ணைகளில் 6 வாரக் குட்டிக்கே கருத்தடை செய்து விற்கிறார்கள். எவ்வளவு இளமையில் கருத்தடையோ, அவ்வளவு இளமையில் நோய் என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ல் காட்டினார்கள். இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 3½ ஆண்டு. இந்த அவசரக் கத்தி எனக்குச் சற்றும் சம்மதமில்லை.

அதற்காகப் பெண் ஃபெரெட்டை அப்படியே விடவும் முடியாது. இணை சேராவிட்டால் பருவம் முடியாமல் நீளும். மிகுந்த ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையை முடக்கி, ரத்தசோகையில் உயிரே போகும். டெஸ்லோரெலின் என்ற மருந்தைத் தோலுக்கடியில் வைத்தால் பிட்யூட்டரியின் தூண்டல் பல மாதங்கள் அடங்கும். கருத்தடைக்குப் பதிலாகவும், நோய் வந்தபின் சிகிச்சையாகவும் உதவுகிறது.

அந்தப் பெண்ணிடம் கூண்டை வெளிச்சம் படாத அறைக்கு மாற்றச் சொன்னேன். துர்கா பூஜை நாட்களில் எங்கள் தெருக்களில் விடிய விடிய அலங்கார விளக்கு எரியும். ஜன்னலுக்குக் கனத்த திரை போடவும் சொன்னேன்.

ஆண் ஃபெரெட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்நோயில் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்ப் பாதையை அடைக்கும். சிறுநீர் வராமல் அது முக்கினால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், அப்போதே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.