பம்ப் மீது பழி போடும் முன்…

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பேட்டரியில் குறையில்லை, டேங்கில் பெட்ரோலும் இருக்கிறது. இப்படி நின்றுபோன காருக்கு உடனே கிடைக்கும் தீர்ப்பு, “பம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்பதுதான். புதுப் பம்ப் போட்ட பிறகும் சில கார்கள் நகருவதில்லை. பம்ப் கெட்டிருந்தால்தானே மாற்றியதும் ஓடும்? அதற்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே தொலைந்திருக்கிறது.

கார்புரேட்டர் காலத்தில் இந்தத் தலைவலி குறைவு. பெரும்பாலான கார்களில் இன்ஜினின் சுழற்சியே ஒரு சின்ன பம்பை இயக்கிவிடும். 1998-ல் சான்ட்ரோ கார், கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினோடு வந்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ புகை விதிகளைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு கார்புரேட்டர் வேகமாக விடைபெற்றது. பம்ப் டேங்குக்குள் போனது. அதை ஓட்டும் வேலை மின்சாரத்திடம் வந்தது.

கரண்ட் போகும் வழி

பேட்டரியிலிருந்து பியூஸ், ரிலே, பம்ப், பிறகு பாடியில் எர்த். பாதை இவ்வளவுதான். வழக்கமான ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். 30-ல் பேட்டரி கரண்ட் வந்து நிற்கும். 85, 86 இரண்டும் காயிலின் முனைகள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யூ. அந்தக் காயிலுக்கு உயிர் கொடுத்தால் 30-லிருந்து 87 வழியாகப் பம்புக்குக் கரண்ட் பாயும்.

சாவியை ஆன் செய்ததும் பெரும்பாலான கார்களில் பம்ப் 2 விநாடி போல ஓடி நிற்கும். இன்ஜின் சுற்றுவதாக கிராங்க் சென்சார் சொன்னால்தான் மறுபடி ஓடும். விபத்தில் இன்ஜின் நின்றுபோனால் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

எனவே முதல் கருவி காதுதான். பின் சீட் அருகே அந்த 2 விநாடி இரைச்சல் கேட்டு, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் பம்ப் ஓடவில்லை என்றால் சந்தேகம் கிராங்க் சென்சார் பக்கம் போக வேண்டும். இரைச்சலே இல்லையா? பியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், ரிலேயைக் கழற்றிவிட்டு அதன் சாக்கெட்டில் 30-ஐயும் 87-ஐயும் பியூஸ் வைத்த வயரால் இணைக்கலாம். பம்ப் ஓடினால் குற்றவாளி ரிலே, அல்லது அதை இயக்கும் பக்கம்.

மீட்டர் காட்டும் 12

பம்பின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைக்கிறார்கள். 12 வோல்ட் காட்டுகிறது. “கரண்ட் வருது, பம்ப்தான் காலி” என்று முடிவாகிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை வழக்கமாக 10 மெகா ஓம். அதன் வழியே கரண்ட் ஓடுவதே இல்லை எனலாம். வயரின் இழைகளெல்லாம் அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் அது 12-ஐக் காட்டிவிடும்.

பம்புக்கோ 5 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் வேண்டும். துருப்பிடித்த ஒரு பின்னில் 0.4 ஓம் தடை இருந்தால் போதும், 2 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த இடத்தில் 10 வாட் வெப்பமும் எழும். டேங்க் மேலுள்ள கனெக்டர் பழுப்பேறி உருகியிருப்பது இதனால்தான்.

ஆகவே கனெக்டரைக் கழற்றாமல், பம்ப் ஓடும்போதே, அதாவது லோடோடு, அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையைப் பம்பின் பாசிட்டிவ் வயரிலும் வையுங்கள். காட்டும் எண்தான் வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டுக்குள் என்றால் கவலையில்லை. எர்த் பக்கத்தையும் இதேபோல் பேட்டரி நெகட்டிவோடு சேர்த்து அளக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பம்ப் அசையவே இல்லை என்றால், அதற்குப் பதிலாக 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இணைத்துப் பார்க்கலாம். மங்கலாக எரிந்தால் பாதையில் தடை இருக்கிறது.

வெயிலில் நிற்கும் ஹோண்டா

1990-களின் ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களில் ஒரு கோளாறு உலகெங்கும் பிரசித்தம். வெயிலில் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது, உள்ளே சூடு தணிந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள மெயின் ரிலேயின் சால்டரிங்கில் மயிரிழை விரிசல். சூட்டில் அது விரிய, பம்புக்குக் கரண்ட் நின்றுவிடும். ஈயத்தை உருக்கி மறுபடி பற்றவைத்தாலே தீரும் இந்தக் கோளாறுக்காகப் பம்பை மாற்றினால் காசுதான் வீண்.

எச்சரிக்கைகள் சில. டேங்க் அருகே பெட்ரோல் ஆவி இருக்கும். அங்கே தீப்பொறி எழக் கூடாது. பல்பை இணைப்பதும் கழற்றுவதும் சாவி ஆஃபில் இருக்கும்போது மட்டுமே. பியூஸ் அடிக்கடி போனால் பெரிய பியூஸ் போடாதீர்கள். எங்கோ ஷார்ட், அல்லது பம்ப் இறுகிப்போய் அதிகக் கரண்ட் இழுக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த முறை “பம்ப் மாத்தணும்” என்று யாராவது சொன்னால், ஒரே கேள்வி கேளுங்கள்: “லோடோடு அளந்தப்போ எத்தனை வோல்ட் இருந்துச்சு?” பதிலாக ஓர் எண் வரட்டும். அதுவரை பம்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்.