டொக்கு எடுக்கும் முன்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் சாயங்காலம் ஆறு மணிக்குக் காரை ஓரங்கட்டிவிட்டுக் கத்தரிக்காய் வாங்கப் போகிறவர், திரும்பி வரும்போது கதவில் புதிதாக ஒரு டொக்கைப் பார்த்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. இடுக்கில் சொருகிய ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரா, தள்ளுவண்டியின் மூலையா, பக்கத்துக் கார்க்காரர் படாரென்று திறந்த கதவா என்று சந்தேகப் பட்டியல்தான் நீளும். ஆளைப் பிடிக்க முடியாது. தி.நகர் உஸ்மான் சாலையில் பண்டிகைச் சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். அடையாறு காந்தி நகரில் மரத்தடியில் நிறுத்துகிறவருக்கு நிழலும் கிடைக்கும், பானெட்டில் மாங்காயும் விழும்.

இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் கிளைம் போடலாமா? போடலாம், ஆனால் கணக்குப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. 1500 சிசி வரையிலான காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் முதல் 1000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட காருக்கு 2000 ரூபாயும் சொந்தக்காரரின் கைக்காசு. அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் ‘நோ கிளைம் போனஸ்’ போவதில் இருக்கிறது. கிளைம் இல்லாத ஒவ்வொரு ஆண்டுக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிவந்த தள்ளுபடி, ஒரே கிளைமில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 50 சதவீதத்தில் இருந்தவர் மறுபடி அங்கே ஏறுவதற்குள் 5000, 3000, 2500, 1500, 500 என்று மொத்தம் 12,500 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பார். போனஸைக் காக்கும் தனி இணைப்பு வாங்கியிருந்தால் கதை வேறு. இல்லாதவர்கள், உள்ளங்கை அகல டொக்குக்கு முதலில் வீட்டு வாசலிலேயே வழி தேடுவதில் நியாயம் இருக்கிறது.

அந்த வழி எந்த டொக்குக்குச் செல்லும் என்பதுதான் கேள்வி. லாரித் தண்ணீர் பிடித்துப் பழகிய சென்னை வீடுகளுக்கு இதன் பதில் பாதி தெரியும். பிளாஸ்டிக் குடம் நசுங்கினால் உள்ளே கையை விட்டுத் தள்ளியதும் நிமிர்ந்துகொள்கிறது. எவர்சில்வர் குடத்தில் விழுந்த டொக்கு பாத்திரக் கடையில் தட்டினாலும் தடம் விட்டுத்தான் போகிறது. ஒரே காரில் இரண்டு குடமும் இருக்கின்றன. பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். கதவும் ஃபெண்டரும் பானெட்டும் பெரும்பாலான கார்களில் எஃகுத் தகடு, அதுவும் சுமார் 0.7 மில்லிமீட்டர் தடிமன்தான்.

தகட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள் அழுந்தினால் விட்டதும் பழைய வடிவத்துக்கே திரும்பும். எல்லையைத் தாண்டினால் உலோகம் நிரந்தரமாக நீண்டுவிடும்; மடங்கிய இடம் முன்பைவிட இறுகியும் போகும். கிண்ணம் போல அகலமாக, ஆழமில்லாமல், ஓரம் மழுங்கி இருக்கும் டொக்கில் தகடு அதிகம் நீண்டிருக்காது. சுற்றியுள்ள பகுதி பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே நிற்கிறது. ஒரு இழுப்பில் ‘டப்’பென்று வெளியே வரலாம். கத்தி வைத்ததுபோலக் கோடு விழுந்த டொக்கு, கதவின் விளிம்பிலோ பாடியின் மடிப்புக் கோட்டிலோ பட்ட டொக்கு, இவை வீட்டு வேலை அல்ல. டியூப்லைட்டின் பிம்பம் தகட்டில் விழும்படி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிம்பம் மெல்ல வளைந்தால் நம்பிக்கை உண்டு. சட்டென்று ஒடிந்தால் இல்லை.

பம்பர் சுலபம். கொதிக்கவைத்த தண்ணீரை டொக்கின் மேல் நிதானமாக ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் இளகியதும் கையுறை போட்டுக்கொண்டு உள்பக்கத்திலிருந்து தள்ள வேண்டும். நிமிர்ந்ததும் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அப்படியே நிற்கும். கை உள்ளே போக, சக்கரத்தின் மேலே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மறைப்பின் கிளிப்புகள் சிலவற்றைக் கழற்ற வேண்டிவரலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாரான கார்களில் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம். அது உட்கார்ந்திருப்பது பின் பம்பரில்தான். புது மாடல்கள் சிலவற்றில் பம்பருக்குப் பின்னால் ரேடாரும் இருக்கிறது. அந்த இடங்களில் வெந்நீர் விளையாட்டு வேண்டாம்.

தகட்டு டொக்குக்கு முதல் ஆயுதம், கண்ணாடி தூக்குகிறவர்கள் வைத்திருக்கும் ரப்பர் கப். இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவி, ரப்பர் விளிம்பை லேசாக நனைத்து ஒட்டி, தகட்டுக்கு நேர் செங்குத்தாக இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் கப்தான் கையோடு வரும். கப்பைவிடச் சின்ன டொக்கில் இது பிடிக்காது. அதற்குத்தான் ஆன்லைனில் விற்கும் பசை கிட். பிளாஸ்டிக் பொத்தானில் சூடான பசையை வைத்து டொக்கின் நடுவில் ஒட்டி, பாலம் போன்ற ஒரு கருவியின் திருகைச் சிறுகச் சிறுகச் சுற்றி இழுப்பார்கள். ஒரே மூச்சில் இழுத்தால் பள்ளம் மேடாகும். பிறகு மேட்டை பிளாஸ்டிக் குச்சியால் தட்டி இறக்கும் வேலை தனி. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டால் மிச்சப் பசை கழன்றுவிடும். சென்னை வெயிலில் இதற்கு இன்னொரு சங்கடம்: சுட்டுக் கிடக்கும் தகட்டில் பசை இறுகவே இறுகாது. காலையில், நிழலில் செய்தால் உண்டு.

கம்பெனி பெயிண்ட் இந்த இழுப்பைத் தாங்கும். ஏற்கெனவே டிங்கரிங் பார்த்துப் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்த கதவு தாங்காது. பசையோடு பெயிண்டும் பட்டியும் பெயர்ந்து வந்துவிடும். பழைய கார் வாங்கியவர்கள் இழுப்பதற்கு முன் ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பார்க்கலாம். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடி தளரும்.

வீடியோக்களில் வரும் ஹேர் டிரையர், உலர் பனிக்கட்டி வித்தையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தகட்டைச் சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்தால் டொக்கு தானே குதித்து வெளியே வருமாம். எஃகு ஒரு மீட்டருக்கு, 100 டிகிரி வித்தியாசத்தில், ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர்தான் நீளும். பத்து சென்டிமீட்டர் டொக்கில் அது 0.12 மில்லிமீட்டர். வெளியே வரத் துடித்துக்கொண்டிருக்கும் ஆழமில்லாத டொக்கை அந்த அசைவு தூண்டிவிடலாம், மற்றதை ஒன்றும் செய்யாது. உலர் பனிக்கட்டி மைனஸ் 78 டிகிரி என்பதால் வெறுங்கையால் தொட்டால் தோல் புண்ணாகும். பெயிண்டின் மேல்பூச்சிலும் மயிரிழை விரிசல் வரலாம்.

இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் சூட்டை நம்புவதில்லை. பெயிண்டைத் தொடாமல் டொக்கு எடுக்கும் முறையை மெர்சிடிஸ் கம்பெனியைச் சேர்ந்த ஆஸ்கர் ஃப்ளைக் 1960-இல் நியூயார்க் கார் கண்காட்சியில் தொடங்கிவைத்தார் என்று அந்தத் தொழிலில் ஒரு கதை வழங்குகிறது. கோடு போட்ட விளக்கின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே, நீண்ட கம்பியைக் கதவின் உள்ளே விட்டு, தகட்டின் பின்புறத்தைக் கடுகளவு கடுகளவாக நெம்புவார்கள். ஆலங்கட்டி மழை ஆயிரக்கணக்கான கார்களை ஒரே நாளில் பதம்பார்க்கும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இது பெரிய தொழில். ஆலங்கட்டி அபூர்வமான சென்னையில் தட்டு, பட்டி, எமரி, பிரைமர், பெயிண்ட் என்ற பழைய வரிசைக்கே இன்னும் செல்வாக்கு. புதுப்பேட்டையில் ஒரு பழைய கதவையே வாங்கி மாட்டிவிடும் வழக்கமும் உண்டு. நிறம் ஒத்துப்போனால் யோகம்.

பெயிண்ட் பெயர்ந்த டொக்குக்கு மட்டும் இந்தப் பொறுமை ஆகாது. மயிலாப்பூரும் அடையாறும் கடலோரம். உப்புக்காற்றில் வெறும் எஃகு தெரிந்தால் துரு சீக்கிரம் ஏறும். டொக்கு இருக்கட்டும், கீறலைத் துடைத்து டச்சப் பெயிண்ட் வைப்பது அந்த வாரமே நடக்க வேண்டும். அதற்கான நிறக் குறியீடு கதவுத் தூணிலோ இன்ஜின் அறையிலோ ஒட்டிய தகட்டில் இருக்கும்.

பெயிண்ட் முழுதாக இருந்து, டொக்கும் அசைந்து கொடுக்கவில்லை என்றால், அப்படியே விட்டுவிடுவதும் நல்ல முடிவுதான். பழைய கார் வாங்க வருகிறவர்கள் இப்போது பெயிண்டின் தடிமன் அளக்கும் கருவியோடு வருகிறார்கள். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் காட்டும். பட்டி பார்த்த கதவில் அந்த எண் பல மடங்கு ஏறும். உடனே கார் எங்கே மோதியது என்ற விசாரணையும் விலைப் பேரமும் சேர்ந்தே தொடங்கும். டொக்கு விழுந்த கதவுக்கு அந்த விசாரணை இல்லை, கதை வெளியிலேயே தெரிகிறது.