மடிக்கணினியும் கம்பியில்லா அட்டையும்



ஜெஞ்சாரோம் வட்டாரத்துத் தோட்டமொன்றில் குடியிருக்கும் ஒரு தாயார், ஒரு நாள் மாலை, பழைய மடிக்கணினி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகள் நம்மிடம் படித்த பிள்ளை; இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கிறாள்.

"டீச்சர், இதிலே வைஃபை பிடிக்கவே மாட்டேங்குது. ஒரு கடையிலே காட்டினேன். இது அவ்வளவுதான், புதுசு வாங்கிடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு நான் எங்கே போவேன்? பிள்ளை இந்த வருஷம் எஸ்.பி.எம். எழுதணுமே" என்று கலங்கினார்.

ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி என்பது செம்பனைக் காட்டில் உழைக்கும் குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அதைச் செலவிடத்தான் வேண்டுமா? அல்லது சிறு செலவிலேயே காரியம் முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு, மடிக்கணினியில் உள்ள கம்பியில்லா இணைப்பு அட்டையைப் பற்றி நாம் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, பாடங்கள் இணையத்துக்கு மாறின. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்த வீடுகளை நாம் அறிவோம். அப்போதுதான் பல வீடுகளுக்குப் பழைய மடிக்கணினிகள் வந்து சேர்ந்தன. சில உறவினர் கொடுத்தவை. சில கைமாறி வாங்கியவை. அவற்றில் பல இன்றும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படுகின்றன. ஆனால், வயதான மனிதருக்குக் காது மந்தமாவதைப் போல, வயதான மடிக்கணினிக்கும் கம்பியில்லா இணைப்பு மந்தமாகிவிடுவது உண்டு.

அட்டை என்பது என்ன?

நம் வீட்டு ரேடியோப் பெட்டி காற்றில் வரும் அலைகளைப் பிடித்துப் பேச்சாகவும் பாட்டாகவும் தருகிறது. மடிக்கணினிக்குள் இருக்கும் கம்பியில்லா அட்டையும் ஒரு ரேடியோதான். ஒரே ஒரு வேறுபாடு: ரேடியோப் பெட்டிக்குக் காது மட்டும் உண்டு, இந்த அட்டைக்குக் காதும் உண்டு, வாயும் உண்டு. அலைகளை வாங்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும்.

கணினிகளை ரேடியோ அலையால் இணைக்கும் முயற்சி புதியதன்று. கடலால் பிரிந்து கிடக்கும் ஹவாய்த் தீவுகளில், அங்குள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் ஏப்ரம்சன் என்ற பேராசிரியரின் குழுவினர் 1971ஆம் ஆண்டிலேயே அப்படியோர் இணைப்பை நடத்திக் காட்டினார்கள். பின்னர் 1997இல் இதற்கென ஒரு பொது நியதி வகுக்கப்பட்டது. 1999இல் அதற்கு 'வைஃபை' என்ற பெயர் வழக்கத்துக்கு வந்தது.

முதலில் நோயைக் கண்டுபிடிப்போம்

ஒன்றை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அட்டை இணையத்தை உண்டாக்குவதில்லை. தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டியிலிருந்து பெரிய குழாய் லயத்துக்கு வருகிறது. அதில் ரப்பர்க் குழாயை மாட்டி நாம் வீட்டு அண்டாவை நிரப்புகிறோம். பெரிய குழாயிலேயே தண்ணீர் வராவிட்டால், ரப்பர்க் குழாயை மாற்றி என்ன பயன்? அட்டை அந்த ரப்பர்க் குழாய் போன்றது. ரவுட்டர் பெட்டியிலிருந்து, அல்லது கைப்பேசியிலிருந்து, மடிக்கணினி வரைதான் அதன் வேலை.

ஆகவே, காசை எடுக்குமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். மடிக்கணினியின் பக்கத்திலேயே ஒரு கைப்பேசியை வையுங்கள். அதில் சிம் அட்டையின் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையை மட்டும் திறந்து விடுங்கள். கைப்பேசியிலும் இணையம் வரவில்லையானால் குறை ரவுட்டரிலோ வெளியிலிருந்து வரும் இணைப்பிலோதான் இருக்கிறது. புதிய அட்டை அதைத் தீர்க்காது. கைப்பேசியில் நன்றாக வந்து, மடிக்கணினியில் மட்டும் வரவில்லையானால், குறை மடிக்கணினியில்தான்.

அப்போதும் அவசரப்பட வேண்டாம். விமானப் படம் போட்ட பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கலாம். சில பழைய மடிக்கணினிகளின் ஓரத்தில் வைஃபையை அணைக்கும் சிறு விசையே உண்டு. அவற்றைப் பாருங்கள். மடிக்கணினியை முழுவதும் அணைத்து மீண்டும் போடுங்கள். பழைய இணைப்பின் பெயரை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாக எழுதுங்கள். இவ்வளவுக்கும் ஒரு காசு செலவில்லை.

அட்டையை இயக்கும் 'டிரைவர்' என்ற மென்பொருள் கெட்டிருப்பதும் ஒரு காரணம். அதை இணையத்திலிருந்து மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம். "இணையமே இல்லாதபோது எப்படி இறக்குவது?" என்று கேட்பீர்கள். கைப்பேசிக்கு மின்னூட்டும் அதே யூ.எஸ்.பி. கம்பியால் கைப்பேசியையும் மடிக்கணினியையும் இணைத்து, கைப்பேசியில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் திறந்துவிட்டால், அட்டையின் உதவியின்றியே கம்பி வழியாக இணையம் வரும். கம்பி தகவல் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மின்னூட்ட மட்டுமே பயன்படும் மலிவுக் கம்பிகளும் கடையில் உண்டு. ரவுட்டர் அதே அறையில் இருந்தால் ஒரு லேன் கம்பியே போதும். அட்டை வாங்கும் பேச்சே எழாது.

எந்த அட்டையை வாங்குவது?

இத்தனையும் செய்து பார்த்த பிறகும் பயனில்லையென்றால், அட்டை வாங்க வேண்டியதுதான். அட்டைகள் இருவகை: மடிக்கணினிக்குள் பொருத்துவது ஒன்று, வெளியே யூ.எஸ்.பி. துளையில் செருகுவது மற்றொன்று.

உள்ளே பொருத்தும் அட்டை, இப்போதைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உடையது. ஒரு தபால் தலையளவுதான். திரையைச் சுற்றி ஓடும் அலைவாங்கிகளிலிருந்து மெல்லிய கம்பிகள் வந்து அதில் மாட்டிக்கொண்டிருக்கும். சில சமயம் மடிக்கணினி கீழே விழுந்து அந்தக் கம்பி கழன்றிருக்கும். அதை மாட்டிவிட்டாலே குறை தீர்ந்துவிடும். ஆனால் எல்லா அட்டையும் எல்லா மடிக்கணினிக்கும் பொருந்தாது. பழைய மடிக்கணினிகளில் துளையின் அமைப்பே வேறு. சிலவற்றில் அட்டையை மாற்ற முடியாதபடி பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். இன்டெல் நிறுவனத்தின் அட்டைகளில் 201, 211 என்ற எண்ணுடையவை அந்நிறுவனத்தின் குறிப்பிட்ட செயலிகளோடு மட்டுமே வேலை செய்யும். 200, 210 என்பவை பரவலாகப் பொருந்தும். பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஏமாந்துபோவோர் உண்டு. ஆகவே உள்ளே பொருத்துவதானால், மடிக்கணினியையே கடைக்குக் கொண்டுபோய், விவரம் தெரிந்தவரைக் கொண்டு மாற்றுவதே நல்லது.

வெளியே செருகும் அட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. மூடியைத் திறக்க வேண்டியதில்லை. இன்னொரு மடிக்கணினி வந்தால் அதற்கும் மாட்டிக்கொள்ளலாம். எளிய வகைகள் ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

கடைக்குச் செல்லும்போது மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அலைவரிசை. பழைய ரேடியோப் பெட்டியில் பண்பலை என்ற பகுதி இல்லாவிட்டால், பண்பலை நிலையத்தை எப்படித் திருகினாலும் கேட்க முடியாதல்லவா? வைஃபையிலும் அப்படித்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றும் 5 கிகாஹெர்ட்ஸ் என்றும் இரண்டு முக்கிய அலைவரிசைகள் இருக்கின்றன. முதலாவது தூரம் செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் நெரிசல் அதிகம். இரண்டாவது வேகமானது; ஆனால் தூரமும் சுவரும் அதற்கு ஆகா. இரண்டையும் கேட்கக்கூடிய அட்டையாகப் பார்த்து வாங்குங்கள். 150 என்று எழுதிய மிக மலிவான அட்டைகள் 2.4 ஒன்றை மட்டுமே அறியும்.

இரண்டாவது, பெட்டியின் மேல் உள்ள எண். 600 என்றும் 1200 என்றும் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். இது இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டி எழுதிய கணக்கு. 150ஐயும் 433ஐயும் கூட்டி, 600 என்று முழுமையாக்கிவிடுவார்கள். ஒரு நேரத்தில் அட்டை ஒரே அலைவரிசையில்தான் வேலை செய்யும். வீட்டில் பெறும் வேகம் அதனினும் குறைவாகவே இருக்கும். ஆனால் அதற்காக மனம் தளர வேண்டாம். காணொளி வழியாக ஒரு பாடத்தைப் பார்க்க நான்கு மெகாபிட் வேகம் பொதுவாகப் போதும். வீட்டு இணைப்பு 30 மெகாபிட் என்றால், 600 என்று எழுதிய அட்டையே தாராளம். அதற்குமேல் கொடுக்கும் காசு விழலுக்கு இறைத்த நீர்தான்.

மூன்றாவது, சான்று முத்திரை. நம் நாட்டில் விற்கப்படும் கம்பியில்லாக் கருவிகள் சான்று பெற்றிருக்க வேண்டும். முத்திரையைப் பார்த்து, உத்தரவாதத்தையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். கிள்ளானானாலும் பந்திங்கானாலும் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவானாலும், இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பார்வைக்கு இதே போன்ற இன்னொரு குச்சியும் உண்டு. அதில் சிம் அட்டை போட இடமிருக்கும். அது தொலைபேசிக் கோபுரத்திலிருந்து நேரே இணையத்தைக் கொண்டுவருவது. அதற்கு மாதக் கட்டணமோ டேட்டாவோ தேவை. நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியோடு முடிவுக்கு வந்துவிட்டது. 3ஜிக்காகச் செய்யப்பட்ட பழைய குச்சியை யாராவது மலிவாகத் தந்தால் வாங்கிவிடாதீர்கள். இன்றைக்கு அதில் பாடம் படிக்க முடியாது.

வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது?

அட்டையைச் செருகியதும் புதிய மடிக்கணினிகள் பெரும்பாலும் தாமாகவே அதை அறிந்துகொள்ளும். அறியாவிட்டால், முன்பு சொன்னபடி கைப்பேசியின் உதவியோடு டிரைவரை இறக்குங்கள். அட்டை தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். கண்ட இடத்தில் எடுத்தால் கேடு தரும் மென்பொருளும் கூடவே வந்துவிடும்.

இடம் மிக முக்கியம். துத்தநாகத் தகரம் அலையைத் திருப்பிவிடும். செங்கல் சுவர் அதைக் குறைத்துவிடும்; பலகைச் சுவர் அவ்வளவு தடுப்பதில்லை. குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னாலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் ரவுட்டரை வைக்கக் கூடாது. ஈரமான மரமும் இலையும்கூட அலையை விழுங்கும். எனவே ரவுட்டரை வீட்டின் நடுவே, உயரமான இடத்தில் வையுங்கள். கைப்பேசியிலிருந்து இணையம் எடுப்பதானால், அதைச் சன்னலருகே வையுங்கள்.

யூ.எஸ்.பி. துளையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நீல நிறமுள்ள வேகமான துளையில் வேறு கருவிகள் வேலை செய்யும்போது, அருகிலுள்ள 2.4 அலைவரிசைக்கு இடைஞ்சல் ஏற்படலாம். ஒரு முழ நீளமுள்ள நீட்டுக் கம்பியால் அட்டையைச் சற்றுத் தள்ளி வைத்தால் இடைஞ்சல் குறையும்.

பழைய மடிக்கணினியால் 5 கிகாஹெர்ட்ஸைக் கேட்க முடியாவிட்டால், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை 2.4க்கு மாற்றிவிடுங்கள், பெயர் உடனே தெரிய வரும். அப்படியும் இணையாவிட்டால், பாதுகாப்பு முறையைப் பாருங்கள். மூன்றாம் தலைமுறைப் பூட்டான டபிள்யூ.பி.ஏ.3ஐ பழைய அட்டைகள் அறியா. டபிள்யூ.பி.ஏ.2 என்று வைத்தால் போதும். பூட்டே இல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மற்றொன்று, காற்று எல்லாருக்கும் பொது. பெரட்டுக் களத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் கங்காணிக்கு யார் குரல் கேட்கும்? வைஃபை கருவிகளும் ஒன்று பேசி முடியும்வரை மற்றொன்று காத்திருக்கின்றன. ஆகவே பிள்ளை பாடம் படிக்கும் ஒரு மணி நேரத்துக்கு மற்றவர்கள் படம் பார்ப்பதை நிறுத்திவைத்தால், எந்த அட்டையும் தர முடியாத உதவியை நீங்கள் தந்தவராவீர்கள்.

நேயர்களே, அந்தத் தாயாரின் கதைக்கு வருவோம். கைப்பேசியை அருகில் வைத்துப் பார்த்தோம். கைப்பேசியில் இணையம் வந்தது. விசைகளைப் பார்த்தோம், டிரைவரை மாற்றினோம், பயனில்லை. உள்ளிருந்த அட்டைதான் செத்திருந்தது. மறு வாரம் அவர் நாற்பது சொச்சம் வெள்ளிக்கு வெளியே செருகும் அட்டையொன்றை வாங்கி வந்தார். செருகினோம், சிறிது நேரத்தில் பாடம் திரையில் வந்து நின்றது. "இவ்வளவுதானா டீச்சர்?" என்று அவர் கேட்டார். இவ்வளவுதான்.

ஆனால் அதே தோட்டத்தில் இன்னொரு வீட்டில் நூற்றிருபது வெள்ளிக்கு இரண்டு கொம்பு வைத்த அட்டையை வாங்கியும் பயன்படவில்லை. அங்கே கைப்பேசியிலும் இணையம் சரியாக வரவில்லை என்பதை, வாங்கிய பிறகுதான் பார்த்தார்கள். குறை அட்டையில் இல்லை. கோபுரத்திலிருந்து அவ்வீட்டுக்கு வந்த அலைதான் மெலிந்திருந்தது.

ஆகவே, ஆழம் பார்த்துக் காலை விடுவோம். முதலில் சோதனை, பிறகு கடை. இந்தச் சோதனையைச் செய்யப் பெரிய படிப்புத் தேவையில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையே செய்துவிடும். இன்று மாலை அவர்களையே செய்யச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.