கைக்கு அடங்கும் ரிவால்வர்

சங்கத்து அன்பர்கள் என்னிடம் வழக்கமாக எதிர்பார்ப்பது ரயில் சமாசாரம். இந்த முறை துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன். பிலாஸ்பூர் பக்கம் முப்பத்தைந்து வருஷம் சரக்கு வாகன்களைப் பழுது பார்த்தவனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் என் மகள்தான்.

அவள் நிலவியல் படித்து, அமெரிக்கக் குடியுரிமையும் பெற்று, அலாஸ்காவில் வேலை பார்க்கிறாள். கோடையில் பல வாரங்கள் கூடாரத்தில்தான் வாசம். ஆற்றங்கரைகளில் பாறை மாதிரி எடுக்கிற வேலை. அங்கே பழுப்புக் கரடி உண்டு. வளர்ந்த ஆண் கரடி 300 கிலோவுக்கு மேலும் இருக்கும். 2019-இல் நானும் என் மனைவியும் அவளைப் பார்க்கப் போனபோது, இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த ரிவால்வரை எடுத்துக் காட்டினாள்.

"அப்பா, இதை வாங்கி ஒரு வருஷமாச்சு. மொத்தம் ஆறு குண்டுதான் சுட்டிருக்கேன். மணிக்கட்டு ரெண்டு நாள் வலிச்சுது" என்றாள்.

"அப்புறம் எதுக்குடி அது?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. பழகாத ஆயுதம் ஆபத்து நேரத்தில் கைகொடுக்காது. அது மட்டுமல்ல, ஒரு தடவை வலி கண்ட கை அடுத்த தடவை விசையை இழுக்கும்போதே தானாகத் துள்ளும். குண்டு குறிக்குக் கீழே போய்விடும்.

அது .44 மேக்னம் வகை. 1955-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியும் ரெமிங்டன் கம்பெனியும் சேர்ந்து வெளியிட்ட தோட்டா. எல்மர் கீத் என்ற வேட்டைக்காரர் பல வருஷம் வற்புறுத்தியதன் பலன் அது. பெயர்தான் 44, குண்டின் விட்டம் 0.429 அங்குலம். மகள் வாங்கியிருந்தது எடை குறைந்த உலோகக் கலவையில் செய்தது, 720 கிராம். "நாள் பூரா நடக்கிறவங்களுக்கு இதுதான் சௌகரியம்" என்று கடையில் சொன்னார்களாம். இடுப்பில் தொங்கும்போது சௌகரியம்தான். சுடும்போது?

இங்கேதான் என் பழைய தொழில் உதவியது. ஷண்டிங் யார்டில் காலி வாகனையும் நிலக்கரி ஏற்றிய வாகனையும் ஒரே விசையோடு தள்ளிப் பாருங்கள். 22 டன் காலி வாகன் விருட்டென்று ஓடும். 80 டன் சுமை வாகன் சோம்பலாக நகரும். துப்பாக்கியின் பின்னுதைப்பும் அதே கணக்குதான். பதினைந்தரை கிராம் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 400 மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது. கூடவே ஒன்றரை கிராம் வெடிமருந்து வாயுவாகி அதைவிட வேகமாகப் பீறிடுகிறது. இரண்டின் உந்தமும் சேர்ந்து சுமார் 8 அலகு. அதே 8 பின்பக்கம் நம் கைக்கு வந்தாக வேண்டும். 720 கிராம் துப்பாக்கி நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் உள்ளங்கையை இடிக்கும். 1.35 கிலோ எஃகுத் துப்பாக்கி என்றால் 6 மீட்டர்தான். ஆற்றலாகப் பார்த்தால் ஒன்று 44 ஜூல், மற்றது 24. முதலாவது, ஒரு கிலோ எடைக்கல் நாலரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கையில் சுமக்கக் கனமானது சுடுவதற்கு இதமானது.

மறுநாள் வாடகைக்குத் துப்பாக்கி கொடுத்துச் சுடவிடும் ஓர் இடத்துக்குப் போனோம். வாங்கும் முன் இப்படிச் சுட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கைப்பிடி விஷயத்தை அங்கேதான் கற்றுக்கொண்டேன். மரப்பிடி பார்க்க அழகு; ரப்பர் பிடியோ வாகனின் டிராஃப்ட் கியரில் ரப்பர் பட்டை செய்யும் வேலையைச் செய்கிறது, இடியைக் கொஞ்சம் நேரம் நீட்டித் தணிக்கிறது. பிடி முதுகுப்பக்கத்து உலோகத்தையும் மூடியிருக்க வேண்டும். கை சிறியதென்றால் ஆள்காட்டி விரலின் முதல் ரேகை விசையை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டுவதற்காகப் பிடியைத் திருகிப் பிடித்தால் உதை முழுவதும் கட்டைவிரல் மூட்டில் விழும். மகளுக்கு நடந்தது அதுதான்.

தோட்டாவிலும் ஒரு வசதி உண்டு. 1907-இல் வந்த .44 ஸ்பெஷல் சற்றுக் குட்டையானது. மேக்னம் துப்பாக்கியில் போட்டுச் சுடலாம். மேக்னம் தோட்டாவை ஸ்பெஷல் துப்பாக்கியில் போடக் கூடாது. ஸ்பெஷலின் உதை மேக்னத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதில் பழகிக் கை துள்ளுவது நின்றபின் மெல்ல மேக்னத்துக்கு ஏறலாம். மான் வேட்டைக்குப் போகிறவர்கள் உள்ளே போய் விரியும் குண்டைப் போடுகிறார்கள். கரடிக்கோ விரியாமல் ஆழமாகப் பாயும் கெட்டி ஈயக் குண்டு. 2003-இல் வந்த .500 மேக்னத்தை அங்கே ஒருவர் சுட்டார். எனக்குக் காதில் அடைப்பான் இருந்தும் பல் கூசியது. அது அவளுக்கு வேண்டாம் என்று உடனே தீர்மானித்தோம்.

இன்னொன்றும் அங்கே கண்டேன். ரிவால்வரின் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறது. சுடும்போது அதன் வழியே தீயும் வாயுவும் பக்கவாட்டில் சீறும். இடது கை விரலை அங்கே நீட்டினால் சதை கிழியும்.

கடைசியில் நாலு அங்குலக் குழலும் ரப்பர் பிடியும் கொண்ட எஃகுத் துப்பாக்கியை எடுத்தாள். பழையதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டாள். எனக்கு வயிறெரிந்தது, அவளுக்கு இல்லை.

நம் ஊரில் இதெல்லாம் நடக்காது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. உரிமம் பெற்ற சாமானியர் பெரும்பாலும் வாங்குவது கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர். .380, .455 தோட்டா ஏற்பவை தடை செய்யப்பட்ட வகை.

ஒன்றை விட்டுவிட்டேன். அலாஸ்காவில் நடந்த கரடிச் சம்பவங்களைத் தொகுத்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மிளகாய்க் காரக் குப்பியைப் பீய்ச்சியபோது பழுப்புக் கரடிகள் 92 சதவீதம் தடவை அடங்கியதாகக் கண்டிருக்கிறார்கள். ஆகவே இடுப்பில் முதலில் கைக்கு எட்டுவது குப்பி. ரிவால்வர் மார்பில் கட்டும் உறையில் இருக்கிறது, முதுகுப் பையின் பட்டை தடுக்காதபடி. ஒவ்வொரு மே மாதமும் வேலைக்குக் கிளம்புமுன் ஐம்பது ஸ்பெஷல், பன்னிரண்டு மேக்னம் சுட்டுவிட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறாள். மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று மட்டும் நான் திருப்பிக் கேட்கிறேன்.