முள்ளாகும் மலர்

சங்கப் பாடல்களைக் கற்பிக்கையில் நெருஞ்சி என்னும் சொல் எதிர்ப்பட்டால், ‘ஒருவகை முட்செடி’ என்று பொருள் சொல்லி மேலே செல்வது நம்மில் பலருடைய வழக்கம். கேட்கும் மாணாக்கன் என்ன நினைப்பான்? நம் தோட்டப்புறத்தில் அவன் காலில் தைத்த முட்செடி தொட்டாற்சிணுங்கியே. அதற்குத் தண்டெல்லாம் முள். பூவோ தனியே நிற்கும் இளஞ்சிவப்புப் பஞ்சுருண்டை. அச்செடியை மனத்தில் கொண்டு குறுந்தொகையின் 202ஆம் பாட்டைப் படிப்பவனுக்கு உவமை பிடிபடாது.

நெருஞ்சிக்குத் தண்டில் முள் இல்லை, இலையிலும் இல்லை. அதன் காய்தான் முள். அள்ளூர் நன்முல்லையார் பாடிய அப்பாட்டில், முன்பு இனியன செய்த காதலர் இன்று இன்னாதன செய்கின்றார் என்று தலைவி நோகின்றாள். கண்ணுக்கினிய நெருஞ்சியின் புதுமலர் பின்னர் முள்ளைத் தருவதை உவமை காட்டுகின்றாள். பூவின் அருகே முள் இருப்பது வேறு, பூவே முள்ளாக முதிர்வது வேறு. முன்னது ரோசாச் செடிக்கும் பொருந்தும். நோவு தருபவன் பிறன் அல்லன், அன்பு செய்த அவனே என்னும் துயரம் பின்னதில்தான் அடங்கும். செடியை அறியாதவர்க்குப் பாட்டில் பாதி போயிற்று என்பது என் கருத்து.

செடி எப்படியிருக்கும்? வறண்ட புன்செய்களிலும் புல்வெளிகளிலும் மணற்பாங்கான வழியோரங்களிலும் தரையோடு தரையாக நாற்புறமும் படரும். இலை புளியிலை போன்றது. அதன்மேல் வெண்ணிற மென்மயிர் படர்ந்திருக்கும். பூ சிறியது, மஞ்சள் நிறமானது, 5 இதழ் உடையது. காலையில் மலர்ந்து அன்றே இதழ் உதிர்க்கும். பாழூரின் நெருஞ்சிப்பூ எழுகின்ற ஞாயிற்றை எதிர்நோக்கும் என்று புறநானூற்றின் 155ஆம் பாட்டும் கூறுகின்றது. இதழ் உதிர்ந்தபின் பூவின் நடுவிலுள்ள சூலகம் வளர்ந்து காயாகி, முற்றியதும் 5 துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீண்ட கூர்முட்களும் சில விதைகளும் உண்டு.

வறட்சியை இது தாங்கும் வகை வியப்பானது. ஆணிவேர் ஆழச் சென்று ஈரம் தேடும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை இலைக்குள் செறித்து வைத்துக்கொள்ளும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆதலால் இலைத்துளைகளை நெடுநேரம் திறந்து நீரை இழக்க வேண்டியதில்லை. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் இதே ஆற்றல் உண்டு. விதைகளோ எல்லாம் ஒருங்கே முளைப்பதில்லை. சில ஆண்டுக்கணக்கில் மண்ணுள் உறங்கிக் கிடக்கும்.

விலங்கின் குளம்பிலும் வண்டிச் சக்கரத்திலும் தைத்து இவ்விதை பல நாடுகளுக்குப் பரவிற்று. அமெரிக்காவில் இதன் தொல்லை பொறாமல், இதன் காயைத் துளைக்கும் கூன்வண்டினை 1961ஆம் ஆண்டு இத்தாலியிலிருந்து தருவித்து விட்டனர்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டுதல் எளிது. நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில் முள் கிடைக்கும். சிறுநெருஞ்சில் என்றே கேட்க வேண்டும். யானை நெருஞ்சில் வேறு குடும்பத்துச் செடி. ஒரு பிடி வாங்கி மேசைமேல் உதறினால், எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளேனும் மேல்நோக்கி நிற்பதை மாணாக்கர் காண்பர்.