ஆட்டிசம் உள்ள குழந்தையுடன் விடுமுறை: அமைதியான தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "இந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு எங்காவது இரண்டு நாள் போய்த் தங்க முடியுமா?" என்று பெற்றோர் தயக்கத்துடன் கேட்கின்றனர். அத்தயக்கத்திற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கசப்பான அனுபவம் இருக்கும்.

எங்களிடம் சிகிச்சைக்கு வரும் ஒரு குடும்பத்தினர் சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் ஆறு வயது மகனுடன் ஒரு மலை நகரத்திற்குச் சென்றனர். அவர்களுக்குக் கிடைத்த அறைக்குக் கீழே திருமண மண்டபம் இருந்தது. மாலையில் வரவேற்பு இசை தொடங்கியதும் சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். பிறகு சுவரில் தலையை மோதிக்கொண்டான். பக்கத்து அறையினர் கதவைத் தட்டினர். நள்ளிரவில் அறையைக் காலி செய்து ஊர் திரும்பினர். "இனி எங்கும் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்" என்றார் அத்தாய். உடன் சென்ற மூத்த மகளுக்கும் அன்றோடு விடுமுறை என்பது இல்லாமற் போயிற்று.

அக்குடும்பம் செய்த தவறு வெளியூர் சென்றது அன்று. தங்குமிடத்தைப் பற்றி முன்கூட்டியே கேட்க வேண்டியவற்றைக் கேட்க அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை என்பதே. அவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

குழந்தைக்கு என்ன நேர்கிறது?

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடு. பழகும் முறை, பேச்சு ஆகியவற்றோடு, ஒலி, ஒளி, மணம், தொடுதல் போன்றவற்றை உணரும் முறையும் இக்குழந்தைகள் பலரிடம் மாறுபட்டிருக்கும். 2013-ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு அளவில் கையாளப்படும் நோயறி வரையறையில் இப்புலனுணர்வு வேறுபாடும் ஓர் அடையாளமாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

நமக்குக் கேட்டும் கேளாததுபோல் ஒதுங்கிவிடும் மின்விசிறியின் கிரீச்சொலியை இக்குழந்தையின் மூளை ஒதுக்குவதில்லை. பழைய சோக்கு பொருத்திய குழல் விளக்கின் மெல்லிய துடிப்பும் இரைச்சலும், பினாயில் நெடியும், அலமாரியில் கிடக்கும் அந்துருண்டையும், கஞ்சியிட்ட படுக்கை விரிப்பின் சொரசொரப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. தாங்கும் எல்லை கடந்ததும் குழந்தை நிலைகுலைகிறது. இது பிடிவாதமன்று. பிடிவாதம் பிடிக்கும் குழந்தை கேட்டதைக் கொடுத்தால் அடங்கும். நிலைகுலைந்த குழந்தை, தூண்டுதல் குறைந்தால்தான் அடங்கும். அடித்தாலும் அதட்டினாலும் தூண்டுதல் கூடுமேயன்றிக் குறையாது.

வேறு சில குழந்தைகள் இதற்கு நேர்மாறாகத் தூண்டுதலைத் தேடுவர்: குதிப்பர், சுழல்வர், தண்ணீரைக் கண்டால் ஓடுவர். ஒரே குழந்தை ஒலிக்கு அஞ்சி, ஆட்டத்தைத் தேடுவதும் உண்டு. ஆகவே, இடம் தேடுவதற்கு முன் உங்கள் குழந்தையைத் துன்புறுத்துபவை மூன்றையும், அமைதிப்படுத்துபவை மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். தேர்வுக்கு அத்தாளே அளவுகோல். அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் பொருந்திய விடுதி உங்கள் குழந்தைக்குப் பொருந்தாமல் போகலாம்.

எப்போது செல்வது?

இடத்தைவிடக் காலமே முதலில் முடிவு செய்யப்பட வேண்டியது. மே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழா நடைபெறும் நாட்களிலும், கல்வராயன் மலையில் விழா நடைபெறும் நாட்களிலும் கூட்டமும் ஒலிபெருக்கியும் மிகுந்திருக்கும். அதே இடம் விழா முடிந்த பின் வரும் வார நாள் ஒன்றில் முற்றிலும் வேறு இடமாக இருக்கும். சனி, ஞாயிறு தவிர்த்துச் செவ்வாய் அல்லது புதன்கிழமை செல்வது நலம். பெரும்பாலும் வாடகையும் குறையும்.

நாட்காட்டியில் முகூர்த்த நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பகுதி விடுதிகள் பலவற்றில் மண்டபமும் சேர்ந்தே இருப்பதால் முந்தைய நாள் மாலையும் மறுநாள் விடியற்காலையும் மேளம் முழங்கும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் ஓய்ந்திருக்கும். ஆனால் அம்மாதங்களில் கோயில் ஒலிபெருக்கிகள் ஓய்வதில்லை. விடுதிக்கு அருகில் கோயில் உண்டா, அங்கே திருவிழா நடக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

எங்கே தங்குவது?

சின்னசேலம் வழியாகச் செல்லும் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையை ஒட்டிய விடுதிகள் வந்து சேர எளிதானவை. ஆனால் இரவு முழுதும் பேருந்து, சரக்குந்துகளின் ஒலிப்பான் கேட்கும். பேருந்து நிலையத்திற்கு எதிரே உள்ள விடுதிகளுக்கும் இது பொருந்தும். சாலையிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு மூன்று அறைகளே கொண்ட சிறு இல்லம் கிடைத்தால் அதுவே சிறந்தது. முழு வீட்டையும் வாடகைக்கு எடுப்பது செலவானதாகத் தோன்றினாலும், சமையலறை கிடைப்பதால் உணவுச் செலவு குறையும்; பக்கத்து அறையினர் என்ன நினைப்பார்களோ என்ற பெற்றோரின் அச்சமும் குறையும்.

கல்வராயன் மலை நமக்கு மிக அருகில் இருக்கிறது. கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலை, கரியாலூர் வரை செல்லலாம். பெரிய விடுதிகளும் கடைத்தெருக் கூட்டமும் இல்லாமையே அதன் சிறப்பு. ஆனால் அமைதி என்பது ஒலியின்மை மட்டுமன்று. மலையில் இரவு இருள் அடர்த்தியானது, மழைக்காலத்தில் தவளையும் சிள்வண்டும் விடாது ஒலிக்கும், மின்தடை ஏற்படலாம், கைபேசித் தொடர்பு பல இடங்களில் கிடைப்பதில்லை. வளைந்து ஏறும் பாதை சில குழந்தைகளுக்கு மகிழ்ச்சி. உடற்சமநிலை உணர்வு கூர்மையான குழந்தைகளுக்கோ அது தலைசுற்றலும் வாந்தியும். இத்தகைய குழந்தைக்கு முதல் முறை பகற்பயணமே போதும்: காலையில் ஏறி, மாலைக்குள் வீடு திரும்பலாம். அது ஒத்துவந்தால் அடுத்த முறை ஓர் இரவு தங்குங்கள்.

உறவினர் வீடும் தங்குமிடமே. "எல்லாரும் வந்து பார்க்கட்டும்" என்று அவர்கள் அன்போடு கூட்டம் சேர்ப்பதே அங்கே சிக்கல். "பிள்ளைக்கு ஒரு தனி அறை வேண்டும், அவனாக வரும்வரை யாரும் தூக்கவோ கன்னத்தைக் கிள்ளவோ வேண்டாம்" என்று பெரியம்மாவிடமோ அத்தையிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதைக் குறைவாகாது.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

முன்பதிவு செய்யும் முன் விடுதியில் இவற்றைக் கேளுங்கள். எழுத்து வழியாகவும் ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது.

1. மண்டபம், உணவகம், மதுக்கூடம், ஜெனரேட்டர், மின்தூக்கி ஆகியவற்றிலிருந்து தள்ளியுள்ள அறை கிடைக்குமா? வரிசையின் கடைசி அறையாயின் ஒரு பக்கத்துச் சத்தமேனும் குறையும்.
2. நாங்கள் தங்கும் நாட்களில் திருமணமோ கூட்டமோ பதிவாகியுள்ளதா? கட்டுமான வேலை ஏதும் நடக்கிறதா?
3. விளக்குகளைத் தனித்தனியே அணைக்க முடியுமா? கெட்டியான திரைச்சீலை உண்டா?
4. அறையைப் பினாயிலுக்குப் பதில் வெறும் நீரால் துடைத்து, நறுமணத் தெளிப்பான், கொசுவர்த்தி இல்லாமல் வைத்திருக்க இயலுமா?
5. கதவில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் உள்ளதா? சன்னலுக்குக் கம்பி உண்டா? மொட்டை மாடிக் கதவு பூட்டப்படுமா?
6. வளாகத்தில் நீச்சல் குளம், கிணறு, குட்டை, திறந்த தொட்டி உண்டா? சுற்றிலும் வேலி உள்ளதா?
7. சமைத்துக்கொள்ளவோ, வீட்டு உணவைச் சூடாக்கவோ வசதி உண்டா?
8. வரவேற்பறையில் காத்திருக்காமல் நேரே அறைக்குச் செல்ல முடியுமா?

இறுதியாக, அறை, குளியலறை, நுழைவாயில் ஆகியவற்றின் நிழற்படங்களைக் கைபேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். காரணத்தை மறைக்க வேண்டியதில்லை. "எங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம், திடீர்ச் சத்தம் ஆகாது" என்று சொன்னதும் அக்கறையோடு பதில் கூறும் விடுதியே நீங்கள் தேடும் விடுதி. சலிப்புடன் பதில் வந்தால் வேறிடம் பாருங்கள்.

தண்ணீரும் கதவும்

மற்றவற்றில் சற்று விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது. அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர் நான்கு வயதிற்குப் பின் ஒருமுறையேனும் பாதுகாப்பான இடத்தை விட்டு வெளியேற முயன்றதாகப் பெற்றோர் தெரிவித்தனர். அவ்வாறு வெளியேறும் குழந்தைகளுக்கு நீரில் மூழ்குதல் மிகப் பெரிய ஆபத்துகளுள் ஒன்று. கோமுகி அணையும், மேகம், பெரியார் அருவிகளும், கரியாலூர்ப் படகுத் துறையும் நம்மை ஈர்ப்பது போலவே குழந்தையையும் ஈர்க்கின்றன. கைப்பிடிச் சுவரில்லாத வயற்கிணறுகளும் நம் ஊர்ப்புறங்களில் உண்டு.

ஆதலால் நீர்நிலைக்கு அருகில் உள்ள தங்குமிடத்தை, அதன் காட்சி எவ்வளவு அழகாயினும், தவிர்த்துவிடுங்கள். அறைக்குள் நுழைந்தவுடன் பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன் கதவு, சன்னல், பின்வாசல் ஆகியவற்றைப் பாருங்கள். கதவில் ஒரு சிறு மணியைக் கட்டுங்கள். "இப்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யார்?" என்பது எந்நேரமும் பெயர் சொல்லி முடிவாகியிருக்க வேண்டும், நால்வர் பார்க்கிறார்கள் என்றால் சில வேளை ஒருவரும் பார்ப்பதில்லை. குழந்தையின் சட்டைப்பையிலோ கைப்பட்டையிலோ பெற்றோரின் கைபேசி எண் இருக்கட்டும். குழந்தை காணாமற்போனால் முதலில் நீர்நிலைகளைத் தேடுங்கள். உடனே 112-ஐ அழையுங்கள்.

குழந்தையை ஆயத்தப்படுத்துதல்

விடுதி அனுப்பிய நிழற்படங்களை வரிசையாக ஒட்டி ஒரு சிறு கதைப்புத்தகம் செய்யுங்கள்: இது நம் பேருந்து, இது படிக்கட்டு, இது நீ தூங்கும் கட்டில், இரண்டு முறை தூங்கி எழுந்தால் வீட்டிற்குத் திரும்புவோம். பயணத்திற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாள்தோறும் அதைக் காட்டுங்கள். திரும்பும் நாள் படத்தில் இடம்பெறுவது முதன்மையானது. முடிவு தெரிந்த மாற்றத்தை இக்குழந்தைகள் எளிதில் ஏற்கின்றனர்.

வீட்டுத் தலையணை உறை, துவைத்துப் பழகிய போர்வை, வழக்கமான தட்டும் குவளையும், காதுகளை மூடும் ஒலித்தடுப்பான், விருப்பமான பொருள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மருந்துகளைக் கூடுதலாக இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலருக்கு வலிப்பு நோயும் உண்டு; அவர்கள் ஒரு வேளை மருந்தையும் தவறவிடக் கூடாது. பயணத்திற்கென்று தூக்க மருந்து எதையும் மருத்துவர் ஆலோசனையின்றிக் கொடுக்காதீர்கள்.

முதல் இரவு

மாலை நான்கு மணிக்குள் விடுதியை அடைந்துவிட்டால் வெளிச்சத்திலேயே குழந்தை இடத்தைப் பழகிக்கொள்ளும். அன்று சுற்றிப் பார்க்க வேறு எதையும் திட்டமிடாதீர்கள். அறையின் ஒரு மூலையில் போர்வையால் சிறு கூடாரம் அமைத்து, "இது உன் இடம்" என்று காட்டுங்கள். குழந்தை நிலைகுலைந்தால் விளக்கை அணையுங்கள், பேச்சைக் குறையுங்கள், கூர்மையான பொருட்களை அகற்றிவிட்டு அருகில் அமைதியாக இருங்கள். விளக்கம் சொல்வதும் அறிவுரை கூறுவதும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அண்டை அறையினர் கேட்டால், "பிள்ளைக்கு ஆட்டிசம், சற்று நேரத்தில் அமைதியாகிவிடுவான்" என்ற ஒரு தொடர் போதும், மன்னிப்புக் கேட்டு நிற்க வேண்டியதில்லை. இரவில் வெளியே ஒலிபெருக்கி அலறினால், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் உங்களுக்குத் துணை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. திருவிழா போன்ற நிகழ்வுகளுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை அரசு விலக்கு அளிக்கலாம். விடுதி மேலாளர் வழியாகவோ காவல் துறையிடமோ முறையிடலாம்.

எல்லாம் செய்தும் குழந்தைக்கு ஒத்துவரவில்லையெனில் திரும்பிவிடுங்கள். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். எது ஒத்துவரவில்லை என்று அத்தாளில் எழுதி வையுங்கள். அடுத்த பயணம் அங்கிருந்து தொடங்கும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட குடும்பத்தினர் சென்ற ஆண்டு மீண்டும் முயன்றனர். முதலில் பாட்டி வீட்டில் ஓர் இரவு. இரண்டு மாதம் கழித்து, தோட்டத்திற்குள் அமைந்த ஒரு சிறு வீட்டில் வார நாள் ஒன்றில் ஓர் இரவு. சிறுவன் பெரும்பாலான நேரத்தைத் திண்ணையில் அமர்ந்து மழைநீர் வடிவதைப் பார்த்தே கழித்தான். வேறெந்த இடத்தையும் அவர்கள் பார்க்கவில்லை. அவன் அக்காள் மட்டும் அப்பாவுடன் சென்று அருவியைப் பார்த்து வந்தாள். இரவு நால்வரும் உறங்கினர்.

பயணம் செல்ல எண்ணும் பெற்றோர், புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் எங்கள் பிரிவிற்கு வாருங்கள். உங்கள் குழந்தைக்குரிய பட்டியலையும் படக்கதையையும் உங்களோடு அமர்ந்து ஆயத்தம் செய்து தருகிறோம்.